ஏழு வரை

தலவாக்கலையில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, மூன்று மணி, தகரத்தில் மழை.
ஒன்பது பிளாஸ்டிக் கதிரை. ஒன்றுக்குக் கால் ஆடும்;
அதில்தான் நான் உட்காருவேன்.

முதல் மாதம் முழுக்க நான்தான் பேசினேன்.
யாராவது வாய்திறந்து தடுமாறினால்
அரை நொடியில் சொல்லை எடுத்து நீட்டுவேன்,
இலை காலியாகும் முன்னே
சோற்றைத் தள்ளுகிற பந்திக்காரியைப் போல.
வாங்கிக்கொண்டார்கள். நன்றியும் சொன்னார்கள்.
படி இறங்கும்போது அதை இங்கேயே விட்டுப்போனார்கள்,
மழை விட்டதும் குடையை மறப்பதுபோல.

பிறகு ஒரு விதி வைத்தேன், எனக்கு மட்டும்:
யார் திணறினாலும் மனதுக்குள் ஏழு வரை எண்ணு.
அதுவரை வாயைத் திறக்காதே.

ஏழு எவ்வளவு நீளம் என்று
அதற்குமுன் எனக்குத் தெரியாது.
மூன்றில் என் முகத்தைப் பார்ப்பார்கள்.
நான்கில் மேசையை.
ஐந்தில் யாரோ இருமுவார்கள்.
ஆறில் எனக்கே மூச்சு முட்டும்.

சந்தனமேரி கொழுந்து எடுக்கிறவள்.
என் வயதுதான், முப்பத்தொன்று.
பேனையை அரும்பு கிள்ளுவதுபோல் பிடிப்பாள்.
"எனக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் வராதுங்க" என்றாள் முதல் நாள்.
லயம் என்றால் என்ன என்று கேட்டேன்.
"நாங்க இருக்கிற எடம்."
அது லைன் என்றேன். பிரட்டு, பரேட்.
செக்ரோலும் கிளாக்கரும் அவளே சொன்னாள்.
சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து,
"அப்ப நூத்தைம்பது வருசமா
பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.
அவுங்களுக்குத்தான் வெளங்கல" என்றாள்.

போன மாதம் தோட்டத்துக்கு ஆய்வுக்காரி வந்தாள்,
ஏதோ சான்றிதழுக்கு, வெள்ளைக்காரி,
அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை உறை.
நிறுவைக் கொட்டகையில் பெண்களை நிறுத்தி
குறை ஏதும் உண்டா என்றாள்.
கிளாக்கர் தமிழில் கேட்டார்.
சந்தனமேரி தமிழில் சொன்னாள்,
சாக்குக்கு என்று ஒவ்வொரு நிறுவைக்கும்
ரெண்டு கிலோ வெட்டுறாங்க.
கிளாக்கர் ஆங்கிலத்தில் சொன்னார்,
நோ ப்ராப்ளம் மேடம், வெரி ஹேப்பி.
ஆய்வுக்காரி எழுதத் தொடங்கினாள்.

நான் அங்கே இல்லை.
எடுத்து நீட்ட ஒருவரும் இல்லை.
தராசில் சிவப்பு எண் மினுங்கிக்கொண்டிருந்ததாம்.
எத்தனை வரை எண்ணினாளோ.

"நோ" என்றாளாம்.
"நோ மேடம். ஐ சே டூ கிலோ. எவ்ரி டைம் கட்.
ஹி சே ஹேப்பி. ஐ நோ சே ஹேப்பி."
பேனை நின்றதாம்.
பின்னால் நின்றவர்கள் கூடையை இறக்கிவைத்தார்களாம்.

இதையெல்லாம் சனிக்கிழமை வந்து
ஆங்கிலத்திலேயே சொன்னாள்.
ஒவ்வொரு 'சே'யும்
சோற்றில் கல்லாய் எனக்குக் கடிபட்டது.
இறந்தகாலம், இறந்தகாலம் என்று
நாக்கு உள்ளே துடித்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
எதற்கு எண்ணுகிறேன்?
அவள் திணறவே இல்லை.
திணறியது நான்.

வெட்டு இப்போது ஒரு கிலோவாம்.
கிளாக்கர் அவளோடு பேசுவதில்லை.
பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு மாற்றிவிட்டார்கள்;
செங்குத்து, பீலியும் தூரம்.
இரண்டு சனி வரவில்லை.
மூன்றாவது சனி போனில் ஒரு செய்தி:
ஐ ஆம் லேட் டீச்சர். டோன்ட் வெயிட். ஸ்டார்ட்.

தொடங்கினேன்.
மருதை, ஆட்டோ ஓட்டுகிறவர், பாதி நனைந்து வந்தார்.
ஏன் தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.
"பிகாஸ்" என்றார்.
"பிகாஸ்..."
கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
ஐந்து. ஆறு.
யாரும் இருமவில்லை.
ஏழு.
எட்டு.